மலையேறும் ஊரில் பிக்கப் வாங்குகிறவர்கள் செய்கிற தவறுகள்

கம்பம், கூடலூர், போடி பக்கம் பிக்கப் எடுக்கப் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது கம்பெனிப் பெயர்தான். மகேந்திராவா, டாடாவா, லேலண்டா, இசுசுவா? எந்தச் சரக்கு, எந்தப் பாதை, போகும்போது லோடா, திரும்பும்போது லோடா என்பதெல்லாம் முன்பணம் கட்டிய பிறகுதான் பேச்சுக்கு வருகிறது. எட்டு லட்சம், பத்து லட்சம் கடன் வாங்கி நான்கைந்து வருடம் டியூ கட்டப் போகிற ஒரு விஷயத்தை நம் ஆட்கள் இப்படி முடிவு செய்வதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்த வண்டியில்தான் இருக்கிறது.

நம் பகுதி வண்டிக்கு மூன்று விதமான வேலை. தேனிக்கும் சின்னமனூருக்கும் சமதளத்தில் ஓட வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கோ, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கோ, போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டுக்கோ லோடோடு ஏற வேண்டும். மேலே போன பிறகு வண்டன்மேடு, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக் கல்பாதையில் இறங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மாதிரி நன்றாகச் செய்கிற வண்டி எந்தக் கம்பெனியிலும் இல்லை. உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு இந்த மூன்றில் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் கம்பெனிகளை ஒப்பிடுவது வீண் வேலை.

முதல் தவறு, ஒரே வகையில் சேராத வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. இசுசு வி-கிராஸையும் டொயோட்டா ஹைலக்ஸையும் பார்த்துவிட்டு வந்து, மகேந்திரா பொலேரோ பிக்கப்பில் அந்தக் கம்பீரம் இல்லையே என்கிறார்கள். 2022-ல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸில் இருப்பது 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன் இன்ஜின். வி-கிராஸில் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன். இரண்டும் குடும்பத்தோடு மலைக்குப் போகவும், வசதியுள்ள எஸ்டேட்காரர் தோட்டத்தைச் சுற்றிவரவும் செய்யப்பட்டவை. தினமும் தக்காளிப் பெட்டி அடுக்க வந்தவை அல்ல. அதே இசுசு பெயரில் 2.5 லிட்டர், 78 குதிரைத்திறன் வேலை வண்டியும் இருக்கிறது. வி-கிராஸும் இந்த வேலை வண்டியும் ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. முன்னால் இருக்கிற பெயர் ஒன்று, செய்கிற வேலை வேறு. ஆகவே "இசுசு எப்படி?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த இசுசு என்று கேட்க வேண்டும்.

தோற்றத்தில் எதைப் பார்ப்பது

தோற்றம் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் பார்க்கிற இடம் தப்பு. கிரில், குரோம் பட்டை, முகப்பு விளக்கு, "தாட்டியமா இருக்குல்லண்ணே" என்ற பேச்சு, அதோடு முடிந்துவிடுகிறது. வேலை வண்டியின் தோற்றத்தில் படிக்க வேண்டிய செய்தி வேறு.

பொலேரோவுக்கும் டாடா யோதாவுக்கும் முன்னால் மூக்கு நீண்டிருக்கும். இன்ஜின் அதற்குள் இருக்கிறது, பானட்டைத் திறந்து நின்றபடியே வேலை பார்க்கலாம். லேலண்ட் தோஸ்த்தும் டாடா இன்ட்ராவும் அப்படியில்லை. டிரைவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். மூக்கு குறைவாக இருப்பதால் வண்டியின் மொத்த நீளத்தில் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அதிக இடம் கிடைக்கிறது, வளைவில் ரோட்டின் விளிம்பும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அதற்கு விலையாக, நீண்ட ஏற்றத்தில் இன்ஜின் சூடு சீட்டுக்கு அடியிலிருந்து வரும். மூக்கு நீண்ட வண்டி கொண்டை ஊசியில் கூடுதல் இடம் கேட்கும். எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். இதில் எது உங்களுக்குச் சரி என்பதை ஷோரூம் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் வண்டிக்குப் பின்னால் போங்கள். நம் ஆட்கள் அதிகம் பார்க்காத இடம் இது. தொட்டியின் தரை உங்கள் இடுப்புக்கு எவ்வளவு மேலே இருக்கிறது? உயரமான வண்டி தோட்டப் பாதையில் கல் தட்டாமல் போகும், உண்மைதான். ஆனால் லோடுமேன் ஒவ்வொரு மூட்டையையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். மூன்று பக்கமும் கதவு இறங்குகிறதா, கயிறு கட்டக் கொக்கிகள் போதுமா, அவை கை நுழைகிற அளவுக்கு வெளியே இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பின்விளக்கு ரொம்பக் கீழே, ஓரத்தில் இருந்தால் மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது அதுதான் முதலில் உடையும். தொட்டி பின் சக்கரத்தைத் தாண்டி ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் தோட்டப் பாதையின் பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் உரசும். பத்தடி தொட்டி என்று ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை யோசியுங்கள்.

குதிரைத்திறன் கணக்கும் ஏற்றமும்

டாடா யோதாவில் 2.2 லிட்டர் இன்ஜின், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. இன்ட்ரா வி50-ல் 80-ம் 220-ம். லேலண்ட் 2020-ல் கொண்டுவந்த படா தோஸ்த்தில் 80-ம் 190-ம். பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் இன்ஜினில் சுமார் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் யோதாதான் முதலிடம். பொலேரோ கடைசிப் பக்கம் நிற்கிறது. ஆனாலும் நம் மலையில் எங்கு திரும்பினாலும் பொலேரோதான்.

இதற்குக் காரணம் இரண்டு. ஏற்றத்தில் வேலை செய்வது உச்சக் குதிரைத்திறன் அல்ல. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கிடைக்கிற இழுவையும், முதல் இரண்டு கியர்களின் பல் கணக்கும், பின் ஆக்சிலின் பல் கணக்கும் சேர்ந்துதான் வண்டியை ஏற்றுகின்றன. உச்சத் திறன் வருகிற வேகத்தில் போடிமெட்டு ரோட்டில் யாரும் லோடோடு போவதில்லை. இன்னொரு காரணம், இந்த மலையில் கமாண்டர் ஜீப் காலத்திலிருந்தே மெக்கானிக்குகளின் கைகள் மகேந்திராவுக்குப் பழகியவை. நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ வண்டி நின்றுபோனால் அன்றைக்கே பார்ட்ஸ் கிடைக்கிறதா என்பதும் வண்டியின் செயல்திறனில் சேர்த்திதான்.

இதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பொலேரோ எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கனமான லோடை அடிக்கடி ஏற்றுகிறவருக்கு யோதாவின் கூடுதல் இழுவை கிளட்ச் செலவைக் குறைக்கும். பெரும்பாலும் கம்பத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே சமதளத்தில் ஓடுகிறவருக்கு ஓசூரில் செய்கிற தோஸ்த்தோ ஒரு இன்ட்ராவோ போதும். டீசலும் குறையும். மலைக்குப் போகிறவர் மட்டும் காலி வண்டியைப் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு "சூப்பரா போகுது" என்று சொல்லி முடிவெடுக்கக் கூடாது. காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் போகும். அந்த மாடலை ஏற்கெனவே வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு, அவருடைய லோடோடு கூடப் போங்கள். ஏற்றத்தில் ஒரு வளைவுக்குள் வண்டியை முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து மறுபடி எடுக்கும்போது மூக்கைப் பொத்த வைக்கிற கிளட்ச் வாடை வருகிறதா, எவ்வளவு ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டியிருக்கிறது, பின்னால் உருள்கிறதா என்று கவனியுங்கள். அந்த அரை நிமிடத்தில் தெரிவது எந்த விளம்பரத்திலும் தெரியாது.

இறங்குவதை யாரும் ஒப்பிடுவதே இல்லை. நம் வண்டிகள் காய்கறியோடு ஏறிப் போய், பெரும்பாலும் காலியாகவோ, எடை குறைந்த ஏலக்காய் மூட்டைகளோடோ போடி ஏல மையத்துக்கு இறங்குகின்றன. ஒன்றரை டன் தாங்கும்படி செய்த பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் காலி வண்டியில் வளையாது. ஜூன், ஜூலை மழையில் ரோடு வழுக்கும்போது குழியில் ஏறினால் பின் சக்கரம் ஒரு நொடி தரையை விட்டு எழும். அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால் பின்பக்கம் சுழலப் பார்க்கும். லோடுக்காக ஏற்றிய காற்றை அப்படியே வைத்துக்கொண்டு காலியாக இறங்குவது இதை இன்னும் மோசமாக்கும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில் விட்டால் பிரேக் அதிகம் மிதிக்காமல் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இதில் வண்டிக்கு வண்டி நல்ல வித்தியாசம் உண்டு.

பெரிய வண்டி என்றால் நல்ல வண்டி என்று நினைப்பது

2022 செப்டம்பரில் யோதா 2.0 வந்தபோது அதன் பெரிய செய்தியே 2,000 கிலோ சுமைதான். மகேந்திராவும் இரண்டு டன் வகை வைத்திருக்கிறது. இரண்டு டன் தாங்கும் என்றால் எதையும் ஏற்றலாமே என்பதுதான் பலருடைய கணக்கு. கம்பம் பன்னீர் திராட்சை ஏற்றுகிறவரிடம் கேளுங்கள். அவர் தொட்டி நிறையப் பெட்டி அடுக்கினாலும் வண்டியின் தாங்குதிறனில் பாதிதான் வரும். அந்த எடைக்குக் கெட்டியான பட்டைகள் அசையாது. குலுக்கல் முழுவதும் பெட்டிக்குள் போகிறது. குமுளி தாண்டி இறக்கும்போது அடிப்பெட்டியில் சாறு ஒழுகியிருக்கும். பழம் ஏற்றுகிறவருக்குச் சற்றுச் சின்ன வண்டி, அதன் முழு லோடுக்குப் பக்கத்தில் ஓடுவதுதான் நல்லது. மாட்டுத்தீவனம், தேங்காய், சிமென்ட் ஏற்றுகிறவருக்குத்தான் பெரிய வண்டி காசு தரும்.

சுமைக் கணக்கை விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஆர்சியில் மொத்த எடை என்றும் காலி எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, நீங்கள் கட்டிய இரும்புக் கூண்டு, தார்ப்பாய், டிரைவர், லோடுமேன்கள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்தாலே 200 கிலோ போய்விடும். 15 கிலோ தக்காளிப் பெட்டி 100 ஏற்றினால், பெட்டியின் எடை இல்லாமலேயே ஒன்றரை டன். கூண்டு கட்டியதும் வண்டியை ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். சரக்கை அங்கேயே இறக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. காய்கறியை நடுவழியில் இறக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லை ஊர்க்காரர்கள் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியது 3,000 கிலோ என்ற எண். மொத்த எடை அதைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுக்கிறது. எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி எல்லாம் வழக்கம்போல் உண்டு, பெர்மிட்டுக்கு மட்டும்தான் விலக்கு. தோஸ்த், சிறிய இன்ட்ரா வகைகள் இந்தக் கோட்டுக்குள் வருகின்றன. 1.7 டன், 2 டன் வண்டிகள் தாண்டிவிடுகின்றன. அவை கேரளத்துக்குள் போக அதற்கான பெர்மிட் எடுத்து, தவறாமல் புதுப்பிக்க வேண்டும். இரண்டு கம்பெனி வண்டிகளின் விலையை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். தோட்ட வேலைக்கு ஆட்களைப் பின்தொட்டியில் ஏற்றிப்போவதற்கு மட்டும் எந்த எடை வண்டியிலும் அனுமதி இல்லை. அப்படிப் போய் விபத்து நடந்தால் அந்தக் குடும்பங்கள் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து போக வேண்டுமென்றால் பொலேரோ கேம்பர் மாதிரி இரண்டு வரிசை சீட் உள்ள வண்டியைப் பாருங்கள், தொட்டி சிறிதாகும் என்று தெரிந்தே.

மைலேஜ் பற்றிச் சுருக்கமாக: உங்கள் பாதையில், உங்கள் சரக்கை ஏற்றுகிறவர் சொல்வதைத் தவிர வேறு எண்ணை நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே குறுகிய தூரம் ஓட்டி, நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே இருந்தால் அதில் கரி அடைக்கும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல், கையேட்டில் சொன்னபடி பெரிய ரோட்டில் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். கேரளக் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிய வண்டிகள் நம் பக்கம் விற்பனைக்கு வருவதுண்டு. புதுப் பெயின்ட், புது சீட் கவர், பார்க்க அழகாக இருக்கும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டி இடுக்கு வழியாகச் சேசிஸில் வடிந்திருக்கும். தரையில் படுத்து, தொட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கிற குறுக்குச் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்த இரும்பு மந்தமாகக் கேட்கும், செதில் செதிலாக உதிரும். பட்டைகள் சேசிஸோடு சேர்கிற இடத்தை முக்கியமாகப் பாருங்கள். அங்கே உதிர்ந்தால் கம்பெனி எதுவாக இருந்தாலும், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

கேஎல் 06, கேஎல் 37 எண் கொண்ட இடுக்கிப் பக்கத்து வண்டிகளை வாங்கித் தேனியில் வைத்து ஓட்டுகிறவர்கள், அந்த ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்றையும், கடன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான பேப்பரையும் கையில் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் தேனி எண்ணான டிஎன் 60-க்கு மாற்றியாக வேண்டும். அதற்கான வரியையும் முதலிலேயே விலையில் சேர்த்துப் பேசுங்கள்.