கொட்டகையில் நின்ற பழைய வேகக் காரை வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பழைய வேகமான கார்கள் மேல் ஆசை வந்தவர்கள் காரைக்குடிப் பக்கம் ஒரு நாளாவது சுற்றியிருப்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வருவார்கள், வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய கார் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கும். சில வீடுகளில் அது சாதாரணக் காராக இருக்காது. பழைய உருவ ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபியட் பேலியோ 1.6 ஜிடிஎக்ஸ், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்று இப்போது தேடினாலும் லேசில் கிடைக்காத வண்டிகள்.

நான் அப்படி ஒரு சிட்டி விடெக் வாங்கினேன். பள்ளத்தூரில் ஒரு வீடு. ஆச்சி என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போய், மேலே போட்டிருந்த தார்ப்பாயை வீட்டைப் பார்த்துக்கொள்பவரை விட்டு எடுக்கச் சொன்னார்கள். "ஓடவே இல்ல தம்பி, அப்படியே புதுசா இருக்கு பாருங்க" என்றார்கள். மீட்டரில் 31,000 சொச்சம். செம்மண் தூசியைக் கையால் துடைத்தால் கீழே பெயிண்ட் மினுங்கியது. எனக்கு அதற்கு மேல் எதுவும் கண்ணில் படவில்லை. பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தோம், இரண்டு தெரு சுற்றி வந்தோம், அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் திருப்பத்தூர் போகிற வழியில், குன்றக்குடி தாண்டி நாலு கிலோமீட்டர்கூட இருக்காது, மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தேன், டப் என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் ரப்பர் பெல்ட், டைமிங் பெல்ட், அறுந்து வால்வெல்லாம் வளைந்திருந்தது. ஆச்சி பொய் சொல்லவில்லை. வண்டி ஓடவே இல்லைதான். அதுதான் பிரச்சினையே.

ஆகவே முதல் தவறு, பெரிய தவறு, கிலோமீட்டர் குறைவு என்றால் வண்டி நல்ல வண்டி என்று எடுத்துக்கொள்வது. ரப்பர் கிலோமீட்டர் பார்த்துக் கெடுவதில்லை, வருஷம் பார்த்துக் கெடும். டைமிங் பெல்ட், இன்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், கதவு பீடிங் எல்லாமே அப்படித்தான். பெல்ட்டை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 5 வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவது நல்லது. சிட்டி விடெக், ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டிலும் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். ஆக்டேவியாவில் ஒரு சிலிண்டருக்கு 5 வால்வு, மொத்தம் 20, கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள், பில்லும் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

நின்ற வண்டியில் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுகள், பார்ப்பது போதாது. பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நாலு எண் இருக்கும். 3514 என்றால் 2014-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் முழுசாக இருக்கும், ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக நின்றதால் அடிப்பக்கம் தட்டையாகியும் இருக்கும். அந்த டயரில் நூற்று நாற்பது போவது உயிரோடு விளையாடுகிற காரியம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றாமல் நின்றால் உள்ளே பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். டெஸ்ட் டிரைவ் முடிந்து இறங்கியதும் நாலு வீலுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் டேங்க்கை மறந்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி வாடை அடிக்கும், மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரியும். அது இன்ஜெக்டரிலும் பம்பிலும் பிசினாகப் படியும். இப்போது பங்க்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2000-களில் செய்த குழாயும் சீலும் அதற்காகச் செய்தவை இல்லை, கூடவே எத்தனால் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வாங்கியதும் பெட்ரோல் லைனை முழுக்க மாற்றிவிடுவது என் வழக்கம், பெரிய செலவும் இல்லை.

அப்புறம் எலி. நம் பக்கத்து வீடுகளில் நின்ற காரைப் பார்க்கப் போனால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்காமல் வரவே கூடாது. என் சிட்டியில் அந்தப் பெட்டிக்குள் ஒரு முழுக் கூடு இருந்தது, தேங்காய் நாரும், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய ஓரங்களும், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்து கடித்துக் கொண்டுவந்த பஞ்சுமாக. எலி அங்கே போயிருந்தால் வயரிங்குக்கும் போயிருக்கும். ஆக்டேவியா மாதிரி வண்டிகளில் ஒரு வயர் கடிபட்டாலும் ஏதாவது ஒரு லைட் எரியும், எங்கே என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குக்கு நாள்கணக்காகும். ஏர் பேக் லைட், ஏபிஎஸ் லைட், இன்ஜின் லைட் மூன்றும் சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆன சில நொடிக்குள் அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

துரு விஷயத்தில் காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில், உலோகம் எப்படி அரிக்கிறது என்பதையே பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். நம் ஊர் கடலை விட்டுத் தள்ளி இருக்கிறது, அதனால் இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டி துரு விஷயத்தில் பரவாயில்லை. ஆனால் சென்னையில் கடற்கரைப் பக்கம் பத்து வருஷம் ஓட்டிவிட்டு, வயதான பிறகு ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்திய வண்டிகள்தான் அதிகம். ஆர்சியில் முதல் பதிவு எந்த ஊர் என்று பாருங்கள். தார்ப்பாய் போட்டு மூடியது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், மழைக் காலத்து ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் பாருங்கள், பேட்டரித் தட்டுக்குக் கீழே, ஜாக்கி வைக்கும் இடம், வீல் வளைவின் உள்விளிம்பு, கதவின் அடி ஓரம். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும், நம் ஊர்ச் செம்மண் அதை அப்படியே அடைத்துவிடும், தண்ணீர் உள்ளே நின்று கதவு உள்ளிருந்து அரிக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்திப் பாருங்கள். லிஃப்ட்டில் ஏற்றாமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள், ஓனர் விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த வண்டிகளைப் பெரும்பாலும் இளவட்டங்கள் விரட்டி ஓட்டியிருப்பார்கள், ஆகவே அடிபட்ட வண்டியா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெயிண்ட் பளபளப்பை நம்பாதீர்கள், டிங்கர் வேலை நன்றாகச் செய்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கண்ணாடிகளில் எல்லாம் தயாரித்த வருஷத்தின் குறி இருக்கும், ஐந்து கண்ணாடி 2005, ஒன்று மட்டும் 2011 என்றால் ஏன் என்று கேளுங்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக வருகிறதா, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் நேராக இருக்கிறதா. பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள், பட்டி போட்ட இடத்தை அது காட்டிக் கொடுத்துவிடும்.

இன்ஜினைச் சூடாக இருக்கும்போது பார்ப்பது அடுத்த தவறு. நீங்கள் வருகிறீர்கள் என்று போன் செய்தால் சில பேர் முன்னாடியே ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், சரி, காபி குடித்துவிட்டு ஊர்க் கதை பேசி மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் பத்து விநாடியில் நிறையத் தெரிந்துவிடும். முதலில் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கையில் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை சந்தேகப்படலாம். சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாடை, கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான், ஆனால் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும், அதனால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருப்பது 1.8 லிட்டர் டர்போ, நம் நாட்டில் 150 குதிரைசக்தியில் விற்றார்கள். அதற்கு ஆயில்தான் உயிர். சாதா ஆயில் ஊற்றி, நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் உள்ளே கரிப்பசை படிந்து ஆயில் உறிஞ்சும் சல்லடை அடைத்துக்கொள்ளும், முதலில் போவது டர்போ. ஆயில் பிரஷர் எச்சரிக்கை ஒரு தரம் வந்தது என்று ஓனர் சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். தண்ணீர் பம்பில் பிளாஸ்டிக் இறக்கை இருந்தால் அது விரிசல் விடும், பெல்ட் மாற்றும்போது உலோக இறக்கை வைத்த பம்ப்பாகப் போட்டுவிடலாம். சிட்டி விடெக்கில் பார்க்க வேண்டியது வேறு. அதன் 106 குதிரைசக்தி முழுசாக வருவது 6,800 ஆர்பிஎம்மில். பிள்ளையார்பட்டி ரோட்டில் நாற்பதில் உருட்டிவிட்டு வந்தால் எதுவும் தெரியாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, காலி ரோட்டில், இரண்டாவது கியரிலேயே ஆர்பிஎம் முள்ளை மேலே வரை ஏற்றிப் பாருங்கள், திணறாமல் போக வேண்டும். கியர் வேகமாக இறக்கும்போது கரகரவென்றால் கியரை இடிக்காமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது.

மாற்றி அமைத்த வண்டி என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), பெரிய சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாம் இருந்தால் கழற்றிய ஒரிஜினல் சாமான்கள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜினே மாற்றியிருந்தால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றியிருக்க வேண்டும். இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் நீங்களே குனிந்து படித்துச் சரிபாருங்கள். சாமான் விஷயத்தில் பலர் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். ஆக்டேவியாவின் இன்ஜின் சாமான் கிடைத்துவிடும், அதே குடும்பத்து 1.8 டர்போவை ஃபோக்ஸ்வேகன், ஆடி என்று பல கார்களில் போட்டிருக்கிறார்கள். கிடைக்காதது ஆர்எஸ்ஸுக்கென்றே வந்த பம்பர், சீட், மீட்டர். பம்பர் உடைந்த வண்டியைவிட இன்ஜின் வேலை இருக்கிற வண்டியை எடுக்கலாம் என்பேன்.

இனிமேல் காகிதம். நம் பக்கத்தில் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீடு பங்காளிகள் பொதுவில் இருப்பது போலவே கொட்டகைக் காரும் ஐயா பெயரில் இருக்கும், ஐயா தவறிப் பல வருஷம் ஆகியிருக்கும். விற்க ஆசைப்படுகிறவர் ஒருவர், வாரிசுகள் ஐந்து பேர், இரண்டு பேர் கோலாலம்பூரில். இறந்தவர் பெயரில் இருக்கிற ஆர்சியை வைத்து விற்பனைக்கான 29, 30 படிவத்தில் யாரோ கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். முதலில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், 31-ஆம் படிவம் மூலம் ஒரு வாரிசு பெயருக்கு மாற்றம், அதற்குப் பிறகுதான் உங்கள் பெயர். நேரம் எடுக்கும், பரவாயில்லை. பேங்க் லோன் அடைத்தும் ஆர்சியில் பேங்க் பெயரை நீக்காமல் விட்ட வண்டிகளும் உண்டு, அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தால் தெரியும்.

15 வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தரம். 2022 ஏப்ரலிலிருந்து இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி, தாமதத்துக்குக் கட்டுவது தனி. "வின்டேஜ்ல பதிஞ்சுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள், அதற்கு 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். டெல்லியிலிருந்து வரும் வண்டி விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அங்கே 15 வருஷம் ஆன பெட்ரோல் கார் மேல் இருக்கும் கட்டுப்பாடு. இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்றான என்ஓசியும் வரியும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சிட்டிக்குப் பிறகு தேவகோட்டையில் ஒரு ஆர்எஸ் பார்த்தேன். 1,40,000 ஓடியிருந்தது, முன் பம்பரில் கல்லடி, டிரைவர் சீட் ஓரம் தேய்ந்திருந்தது. ஓனர் அண்ணன் உள்ளே போய் ஒரு ஃபைல் கொண்டுவந்து முகப்புத் திண்ணையில் விரித்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில், ஆயிலின் பெயரோடு. பெல்ட் இரண்டு தரம் மாற்றிய பில். அவர் சொன்ன விலையில் பேரம் பேச எனக்கு மனசே வரவில்லை.

அந்த வண்டியையும் வாங்கியதும் நேராக ஊர் சுற்றப் போகவில்லை. விலையில் மூன்றில் ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்திருந்தேன். இன்ஷூரன்சில் 5 வருஷம் தாண்டிய காருக்கு மதிப்பை நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்யலாம் என்பதால் போட்டோவும் பில்லும் காட்டி நல்ல தொகைக்குப் போட்டேன். முதல் வாரமே எல்லா ஆயிலும், பிரேக் ஹோஸும், டயரும் மாற்றினேன். பெல்ட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது, ஆனாலும் மாற்றச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் கவரை மூடியதும் அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினார், பழைய பில்களோடு புது பில்லையும் அதே ஃபைலில் செருகிக் கொடுத்தார்.