சொட்டுநீர் மானியம் வாங்க: முதலில் பட்டாவைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ரெண்டே கால் ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. சித்திரையில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் கிணற்றின் அடி தெரியும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேராமல் தக்காளி வாடி நின்றதைப் பார்த்த பிறகுதான் சொட்டுநீருக்கு எழுதிப் போட்டோம்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதில் 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி.

எங்கள் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்துவிட்டது. நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, அதாவது பட்டா விவரம், இன்னும் மாமனார் பேரிலேயே இருந்தது. அவர் தவறி ஆறு வருஷம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு என்று எட்டு மாதம் ஓடி, ஒரு கோடையே கைவிட்டுப் போனது. அதனால் சொல்கிறேன், வேறெதற்கும் முன்னால் உங்கள் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் போனிலேயே வரும். பேர் சரியாக இருந்தால் இ-சேவை மையத்தில் சிறு, குறு விவசாயி சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். அடங்கல் (என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), ஆதார், ரேஷன் கார்டு, மண், நீர் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பங்குக் கிணறு என்றால் பங்காளியின் சம்மதக் கடிதமும் இருக்கட்டும்.

காய்கறி, வாழை, பழமரத்துக்கு விண்ணப்பிக்கத் தோட்டக்கலைத் துறை. கரும்பு, பருத்திக்கு வேளாண்மைத் துறை. அரசின் உழவன் செயலியில் போனிலேயே பதியலாம்.

சொட்டுநீர் அமைத்துத் தரும் கம்பெனியை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மானியப் பணம் உங்கள் கைக்கு வராது, கம்பெனிக்குத்தான் போகும். அதனாலேயே வேலை எப்படி நடக்கிறது என்று நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அளக்க வரும் பையனோடு தோட்டம் முழுக்க நடங்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று காட்டுங்கள். போர்வெல் தண்ணீரில் மணல் வருமா, கிணற்றில் பாசி படியுமா, அதையும் சொல்லுங்கள். ஃபில்டர் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

சாமான் இறங்கும்போது டியூபில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பொருத்தி முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். மோட்டாரைப் போட்டு, முதல் செடியடியில் ஒரு கிண்ணம், கடைக்கோடிச் செடியடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். டியூபில் சொட்டு விடும் டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடுவது என்றால் கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் வந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கடைசிக் கிண்ணத்தில் பாதிகூட வரவில்லை. பள்ளத்தில் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரி செய்த பிறகே கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருஷம் பொறுக்க வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

இனி வாரம் ஒரு நாள் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். டியூபின் கடைசி மூடியையும் திறந்து விடுங்கள். முதலில் காப்பி நிறத்தில்தான் தண்ணீர் வரும். தெளிந்து வந்ததும் மூடுங்கள்.