வேலைச் சட்டம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு நாலாயிரம் வெள்ளிக்கு மேல சம்பளம், சட்டமெல்லாம் நமக்கு இல்லை." மலேசியாவின் பினாங்கில், பிறையிலும் பாயான் லெப்பாசிலும் வேலை செய்யும் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். இதில் பாதிதான் உண்மை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 2023 ஜனவரி 1 முதல், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் எல்லாருக்கும் உண்டு. 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர் இழப்பது சில பணச் சலுகைகளை மட்டும்தான்: ஓவர்டைம், ஓய்வுநாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் பணம், ஷிப்ட் அலவன்ஸ், ஆட்குறைப்பு இழப்பீடு. ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, 98 நாள் பிரசவ விடுப்பு, வாரம் 45 மணி நேர வரம்பு எல்லாம் அவருக்கும் உண்டு.

அந்த 4,000-ஐக் கணக்கிடுவதிலும் ஏமாந்துவிடுகிறார்கள். ஓவர்டைம் பணமும் கமிஷனும் அந்தக் கணக்கில் சேராது. ஒரு கிடங்கு குமாஸ்தாவுக்கு அடிப்படைச் சம்பளம் 3,640 என்று வையுங்கள். ஓவர்டைமோடு கைக்கு 4,300 வருகிறது. "நீ வரம்பைத் தாண்டிட்டே" என்று அலுவலகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 3,640-ஐ 26 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 140. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 17.50. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 26.25 அவருக்குச் சேர வேண்டும். உடலுழைப்பு வேலை செய்பவர், அவர்களை மேற்பார்வை பார்ப்பவர், லாரி அல்லது பஸ் ஓட்டுபவர் ஆகியோருக்கு இந்த 4,000 வரம்பே கிடையாது. மாதம் 5,000 வாங்கும் லாரி ஓட்டுநரும் ஓவர்டைம் கேட்கலாம். இதை நம்மவர்களில் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

அடுத்தது, "நீ தொழிலாளி இல்லை, கான்ட்ராக்ட்தான்" என்ற பேச்சு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை நேரத்தை முதலாளி தீர்மானிக்கிறாரா, வேலை செய்யும் விதத்தை அவர் கட்டுப்படுத்துகிறாரா, கருவிகளை அவர் தருகிறாரா என்றெல்லாம் வேலைச் சட்டத்தின் 101C பிரிவு பார்க்கும். ஆம் என்றால் நீங்கள் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ளப்படும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

முதலாளிகளும் தவறுகிறார்கள். லிட்டில் இந்தியாவில் இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துபவர், "நம்மது சின்னக் கடை, சட்டம் வராது" என்று நினைக்கிறார். வேலைச் சட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் கணக்கு கிடையாது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளமும் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அதே சட்டம்தான். வீட்டுப் பணிப்பெண்களுக்கு மட்டும் பல பிரிவுகள் பொருந்தாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, தப்பான அலுவலகத்துக்குப் போவதில்தான் வருகிறது. சம்பள பாக்கி, ஓவர்டைம், விடுப்பு என்றால் தொழிலாளர் இலாகா, அதாவது ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், திரும்ப அந்த வேலை வேண்டும் என்றால் ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான், அதாவது தொழில் உறவு இலாகா. அங்கே பொருந்துவது 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. அதற்குச் சம்பள வரம்பு இல்லை, மேனேஜரும் போகலாம். அரசாங்க ஊழியருக்கு மட்டும் அந்த வழி இல்லை.

ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். கம்பெனிக்கு அப்பீல் எழுதிவிட்டு, "பெரியவர்கிட்ட பேசிப் பார்க்கிறோம், பொறுங்க" என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு அந்த நாள்கள் ஓடிவிடுகின்றன. பேசுவது பேசட்டும், மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்து நீக்கினால், நோட்டீஸ் காலத்திலேயே கொடுக்கலாம். நீக்கக் கடிதம், ஆஃபர் லெட்டர், கடைசி சில மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைக் கையோடு எடுத்துப் போங்கள். கடிதமே தராமல் வாய்ச்சொல்லில் அனுப்பிவிட்டாலும் மனுக் கொடுக்கலாம். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸாப் செய்திகளை அழிக்காதீர்கள்.