லாங்ஆர்மில் சிக்குக் கோலம்: புள்ளி வைத்தால் போதும், கோடு வரைய வேண்டாம்

போன வருடம் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கொடுக்க, லாங்ஆர்ம் என்கிற பெரிய குவில்ட் மெஷினில் ஒரு குவில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்தேன். கருநீல ஷ்வெஷ்வெ (தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தி) துணி, அதன்மேல் வெள்ளை நூலில் சிக்குக் கோலம். மேல் வரிசைகள் அழகாக வந்தன. கடைசி வரிசையில் மெஷினைப் பின்னால் தள்ளும்போது ‘டக்’கென்று எதிலோ இடித்து நின்றது. வளைவாக வரவேண்டிய இடத்தில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். எதில் இடித்தது, ஏன் முதல் வரிசையில் இடிக்கவில்லை என்பது மறுநாள்தான் பிடிபட்டது. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

மேல்துணியை இணைத்து முடித்துவிட்டீர்கள், ஃப்ரேமில் ஏற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. துணி

ஷ்வெஷ்வெ எடுத்தால் தைப்பதற்கு முன் கட்டாயம் துவைத்துவிடுங்கள். கஞ்சி போட்ட விறைப்போடுதான் கடைக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் ஸ்வேலிட்ஷாவில் டா காமா ஆலை அச்சடித்த ‘மூன்று பூனை’ முத்திரைத் துணியை நாக்கில் வைத்து, உப்புக் கரித்தால் அசல் என்று சொல்பவர்கள் டர்பனில் இன்றும் இருக்கிறார்கள். துவைத்தால் சுருங்கும், சாயமும் கொஞ்சம் போகும். இது குவில்ட் தைத்த பிறகு நடந்தால் அழுகைதான்.

அகலம் 90 சென்டிமீட்டர்தான் என்பதால் அடித்துணிக்கு ஒட்டுப் போட வேண்டிவரும். அடித்துணி நான்கு பக்கமும் மேல்துணியைவிட 10 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ஒட்டுத் தையல் ரோலருக்கு இணையாகப் படுத்திருக்கும்படி ஏற்றுங்கள். நெட்டுக்குத்தாக வந்தால் சுருட்டச் சுருட்ட அந்த ஒரே இடத்தில் தடிமன் சேர்ந்து, துணி நடுவில் தொய்யும். அதற்காகக் குவில்டைப் பக்கவாட்டில் திருப்பி ஏற்றினாலும் பரவாயில்லை. சிக்குக் கோலத்துக்குத் தலையா வாலா!

2. இடத்தை அளப்பது (நான் தடுக்கி விழுந்த இடம்)

என் மெஷினில் ஊசிக்கும் பின்பக்கத் தூணுக்கும் நடுவே 18 அங்குலம். 18 அங்குலத்தையும் தைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தைத்து முடித்த பகுதியைச் சுருட்டும் ரோலர் அந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வெறும் ரோலராக இருக்கும்போது எனக்கு 14 அங்குலம் கிடைத்தது. அதை நம்பி 13 அங்குலக் கோலம் திட்டமிட்டேன். ஆனால் ஒவ்வொரு வரிசை முடிந்து சுருட்டும்போதும் ரோலர் பருத்துக்கொண்டே போகிறது. கடைசி வரிசைக்கு வந்தபோது மிஞ்சியது 12 அங்குலம். மெஷினின் ஊசித் தலை போய் இடித்தது அந்தச் சுருளில்தான்.

அதனால் அளவை வெறும் ரோலரில் எடுக்காதீர்கள். பழைய போர்வை ஒன்றை, நீங்கள் போடப்போகும் பஞ்சின் தடிமனுக்கு ஏற்றதாகப் பார்த்து, ரோலரில் முழுசாகச் சுற்றுங்கள். பிறகு ஊசியை முன்னால் கடைசிவரை இழுத்து ஒரு குறி, பின்னால் இடிக்கும்வரை தள்ளி ஒரு குறி. நடுவில் உள்ளதில் ஒரு அங்குலம் கழித்தால், அதுதான் உங்கள் கோலத்தின் அதிகபட்ச உயரம். எனக்கு 11. பாதிக் கோலத்தில் துணியை நகர்த்தி மீதியைத் தைக்கலாம் என்பார்கள். நானும் செய்து பார்த்தேன். இணைகிற இடத்தில் கோடு ஒரு நூலாவது விலகும், கோலத்தில் அது பளிச்சென்று தெரியும்.

3. எந்தக் கோலம்

சாதாரணத் தையல் மெஷினில் துணியை நகர்த்துகிறோம். லாங்ஆர்மில் துணி அசையாது, மெஷின்தான் நகரும். எங்கள் ஆயா டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டு வாசலில் கையைச் சுழற்றிக் கோலம் போட்டதும் இதுவும் ஒன்றுதான், மாவுக்குப் பதில் நூல். கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடிகிற கோலமாக இருந்தால் நூலை ஒருமுறை முடிந்தால் போதும்.

ஒரே கோட்டில் முடியுமா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, கோடு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓடி, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புகிற எளிய சிக்குக் கோலமாக இருக்கட்டும். வரிசை எண்ணுக்கும் நிரல் (நெட்டுக்குத்து வரிசை) எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை தனித்தனிக் கோடுகள் வரும். 4க்கு 4 வைத்தால் நான்கு கோடு, 3க்கு 3 வைத்தால் மூன்று. 4க்கு 5 வைத்தால் ஒன்றே ஒன்று. அடுத்தடுத்த எண்களாக எடுத்தால் எப்போதும் ஒன்றுதான். நுனி கூராக 1-3-5-3-1 என்று வைக்கும் கோலத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

நான் எடுத்தது 4 வரிசை, 5 நிரல், புள்ளிக்குப் புள்ளி இரண்டரை அங்குலம். உயரம் 10, அகலம் பன்னிரண்டரை. 11க்குள் அடங்கிவிட்டது.

தாளில் இருபது முறையாவது போடுங்கள். குறுக்கே கோடு வந்தால் நேராகக் கடக்க வேண்டும், ஓரம் வந்தால் மட்டும் வளைய வேண்டும். கண் புள்ளியைப் பார்க்க, கை தானாக ஓடும்வரை போட்டால் சரி.

4. குறி போடுவது

புள்ளிகளை மட்டும் குறியுங்கள். கோட்டையும் வரைந்துவிட்டால் அதன்மேலேயே ஊசி போக வேண்டும் என்று கை நடுங்கும், வளைவுகள் பல்பல்லாக வரும். அட்டையில் 20 ஓட்டை போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நிமிடம்தான்.

கருநீலத் துணிக்குச் சுண்ணப்பொடி வேண்டாம், ஊசிக்காலின் அதிர்வில் பறந்துவிடும். குளியல் சோப்பு தேய்ந்து சில்லாகிப் போயிருக்கும் அல்லவா, அதைக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்தப் பேனாவையும்விட எனக்கு அதுதான் பிடிக்கும். வெள்ளைத் துணிக்குத் தானாக மறையும் ஊதாப் பேனா வாங்கினேன். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதிப் புள்ளியைக் காணோம். காற்றில் ஈரம் கூடினால் அது வேகமாக மறையும்.

5. தைப்பது

துணியைப் பறைத்தோல் மாதிரி இறுக்காதீர்கள். அடியிலிருந்து விரலால் குத்தினால், மேலிருந்து அந்த விரல்நுனியைப் பிடிக்க முடிகிற தளர்வு வேண்டும்.

முதலில் சதுரங்களின் இணைப்புத் தையல் ஓரமாக ஒரு கோடு ஓட்டித் துணியை நிறுத்துங்கள். பிறகு கோலம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தொடங்கி அங்கேயே முடித்தால் முடிச்சு கண்ணில் படாது. பாபின் நூலை மேலே இழுத்துக்கொண்டு, நாலைந்து குட்டித் தையல் போட்டுக் கிளம்புங்கள். தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டரை அங்குலத்துக்கு 10 தையலில் வைக்கிறேன், வளைவு சின்னதானால் 12.

முதலில் சில வளைவுகளை அடித்துணியின் ஓரத்து மிச்சத்தில் சோதியுங்கள். தைத்துவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். வளைவுகளில் இமைமுடி மாதிரி குட்டிக் குட்டி வளையம் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்நூல் தளர்வாக இருக்கிறது, அல்லது வளைவில் வேகமாகப் போகிறீர்கள். எனக்கு இரண்டும்.

நூல், 40ஆம் நம்பர் பாலியெஸ்டர். பருத்தி நூல் அழகுதான், ஆனால் பாபின் கூட்டுக்குள் தூசு அடைத்துவிடும், தினமும் துடைக்க எனக்குப் பொறுமையில்லை.

சேர்த்தது: கோலத்தின் நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் என்ன செய்வது என்று டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மெஷினை இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டுவிட்டுப் போங்கள். கரண்ட் வந்ததும் அதே துளையில் நாலு குட்டித் தையல் போட்டுத் தொடருங்கள்.

மறுபடி சேர்த்தது: 4க்கு 6 புள்ளி வைத்துத் தைத்தேன், சுற்றி வந்து சேர்ந்த பிறகும் பாதிப் புள்ளிகள் சும்மா நிற்கின்றனவே என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப்படி இரண்டு கோடு, அவர் ஒன்றைத்தான் தைத்திருக்கிறார். பிரிக்க வேண்டாம். இரண்டாவது கோட்டை மஞ்சள் நூலில் ஓட்டச் சொன்னேன். படம் அனுப்பியிருக்கிறார், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.