கிராஃபைட் அடுக்குகளுக்குள் அயனிகளை நுழைப்பது எப்படி?

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தட்டையான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. ஒரே அடுக்கில் உள்ள அணுக்கள் விடாப்பிடியாகப் பிணைந்திருக்கும். ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு மிகக் குறைவு; இடைவெளி 0.335 நானோமீட்டர். அந்த இடுக்கில் அயனிகளைக் கொண்டுபோய் உட்காரவைப்பதைத்தான் இடைச்செருகல் என்கிறோம்.

அயனி சும்மா உள்ளே போகாது. கிராஃபைட் எலக்ட்ரானை இழக்க வேண்டும், அல்லது பெற வேண்டும். எலக்ட்ரானை இழந்தால் எதிர்மின் அயனி நுழையும். பெற்றால் நேர்மின் அயனி நுழையும். இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

வேதிமுறையில் இந்த எலக்ட்ரான் வேலையை இன்னொரு பொருள் செய்கிறது. அடர் கந்தக அமிலத்தோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தால், அது கிராஃபைட்டிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். கந்தக அமிலத்தின் எதிர்மின் அயனிகளான பைசல்பேட் அயனிகள் உள்ளே போகும். இடைவெளி ஏறக்குறைய 0.8 நானோமீட்டராக விரிந்து, கரும்பொருள் நீலமாகிவிடும். கந்தக அமிலத்தில் கிராஃபைட் இப்படி மாறுவதை 1841-லேயே ஜெர்மன் அறிவியலாளர் ஷாஃப்ஹாய்ட்ல் பதிவு செய்திருக்கிறார். பொட்டாசியம் ஆவியில் வைத்தால் நேர்மாறாக எலக்ட்ரான் உள்ளே வரும்: 8 கார்பனுக்கு 1 பொட்டாசியம், வெண்கல நிறம். இரண்டையும் புதியவர்கள் செய்து பார்க்கவே வேண்டாம். ஒன்று அரிக்கும், மற்றொன்று காற்றில் தீப்பற்றும்.

மின்வேதி முறைக்கு வருவோம். இங்கே எலக்ட்ரானை மின்மூலமே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பது உங்கள் கையில். தொடக்கத்துக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கரைசல்: 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1.3 கிராம் அம்மோனியம் சல்பேட்டைக் கரையுங்கள். சமையல் உப்பு கூடாது, குளோரின் வாயு வரும்.

மின்வாய்கள்: கிராஃபைட் தகடு ஒன்றை நேர்முனையிலும், இன்னொரு கிராஃபைட் துண்டை எதிர்முனையிலும் இணையுங்கள். கவ்விகள் கரைசலைத் தொடக் கூடாது. கரைசல் நீலமாகிறதென்றால் கவ்வியின் செம்பு கரைகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். பென்சில் முனையில் களிமண் கலந்திருப்பதால் தகடுதான் நல்லது.

மின்னழுத்தம்: நேர்மின்னோட்ட மூலத்தை 1 முதல் 2 வோல்ட்டில் சில நிமிடம் வையுங்கள், கிராஃபைட் நன்றாக நனையட்டும். அப்புறம் 10 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். எதிர்முனையில் ஹைட்ரஜன் வரும். சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இப்போது தகட்டின் கீழ் ஓரத்தைக் கவனியுங்கள். முதலில் பளபளப்பு மங்கும். பிறகு ஓரம் தடித்து உப்பும், கருஞ்செதில்கள் பிரிந்து கரைசலில் இறங்கும். நீர் ஆக்சிஜனேற்றமடைந்து விளிம்புகளைத் தாக்கித் திறக்கிறது. அந்த வாசல் வழியே சல்பேட் அயனிகளும் நீரும் நுழைகின்றன. உள்ளே உருவாகும் வாயு அடுக்குகளைத் தள்ளிப் பிரிக்கிறது. தகட்டில் எதுவும் நடக்காமல் குமிழ் மட்டும் வந்தால், முனைகளை மாற்றி இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நீர்த்த கரைசலில் நுழைவும் உரிதலும் சேர்ந்தே நடப்பதால் அந்த அழகான நீலம் இங்கே கிடைக்காது. அதற்கு அடர் அமிலம் வேண்டும். அதில் மெதுவாக மின்னூட்டினால் அயனிகள் படிப்படியாக நிரம்பும், முதலில் சில அடுக்குகள் விட்டு ஓர் இடைவெளி, கடைசியில் எல்லா இடைவெளியும். லித்தியம் அயனி பேட்டரியின் கிராஃபைட் மின்வாயிலும் இதே படிநிலைகள்தான்: முழுதாக நிரம்பும்போது 6 கார்பனுக்கு 1 லித்தியம், பொன்னிறம், சேமிக்கும் மின்னூட்டம் கிராம் கிராஃபைட்டுக்கு 372 மில்லிஆம்பியர் மணி.

கழுவுதல்: செதில்களை வடிகட்டி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். உலர்ந்த தூள் மின்சாரத்தைக் கடத்தும், மூச்சிலும் ஏறும். அதனால் ஈரமாகவே மூடி வைத்து, மின்கருவிகளின் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.