எனக்கு வரைய வராது என்பவர்களுக்கு: ஒரு பேனா, பழைய தாள், நாற்பது நாள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வரைகிறோம். யாரும் ஓவியர் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், மாவு மில் வைத்திருக்கும் அக்கா, இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேராக வந்துவிடும் செவிலியர் தங்கை, இப்படித்தான். முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "எனக்குச் சுத்தமா வரைய வராதுங்க."

நானும் அதைத்தான் இருபத்தேழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு தென்னை மரம் வரைந்தேன். ஆசிரியர் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "இது மரமா, துடைப்பமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று மூடிய நோட்டை மறுபடி திறந்தபோது எனக்கு வயது 37.

கிட்டத்தட்ட எல்லோரிடமும் இப்படி ஒரு நாள் இருக்கிறது. சின்னக் குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வட்டம் போட்டால் முகம், முக்கோணம் போட்டால் மலை, அவ்வளவுதான். ஒன்பது, பத்து வயதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே தாளிலும் வர வேண்டும் என்ற ஆசை வருகிறது. அந்த நேரத்தில் எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கை தொடர்ந்து வளரும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறோம். நாற்பது வயதில் வரையும் முகம் பத்து வயதுப் பிள்ளை வரைந்த மாதிரி இருப்பது அதனால்தான். விட்ட இடம் அது. அதைத் திறமைக் குறைவு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சரி, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

தேவையான பொருட்கள்

ஒரு பால்பாயின்ட் பேனா. ஒரு பக்கம் அச்சான பழைய தாள்கள். அடியில் வைக்க ஒரு பரீட்சை அட்டை. வேறு எதுவும் வேண்டாம்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் விதவிதமான தாள் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். இப்போதைக்குப் போகாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய கெட்டி அட்டை நோட்டு அலமாரியிலேயே தூங்கும், முதல் பக்கம் கெட்டுவிடுமே என்று. பில் தாளின் பின்பக்கம் கெட்டால் யாருக்கு நஷ்டம்? அழிரப்பரும் வேண்டாம். அது கையில் இருந்தால் வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம் நடக்கும். பென்சில்தான் வேண்டும் என்பவர்கள் 4பி வாங்குங்கள். அழுத்தாமலே கறுப்பாக விழும்.

படி 1: அந்த வாக்கியத்தை எழுதுங்கள்

உங்களை நிறுத்திய வாக்கியம் எதுவோ, அதை முதல் தாளின் நடுவில் எழுதுங்கள். "கோழி கிறுக்கினது மாதிரி இருக்கு." "இதெல்லாம் சோறு போடுமா?" "இந்த வயசுல இது தேவையா?" எழுதியதும் அதன் மேலேயே கோடு போட ஆரம்பியுங்கள். முதலில் குறுக்கே, அப்புறம் நெடுக்கே, அப்புறம் சாய்வாக. எழுத்து தெரியாமல் போகும்வரை நிரப்புங்கள்.

மாவு மில் அக்கா என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டவில்லை. பதினைந்து நிமிடம் விடாமல் கோடு போட்டார். முடித்த தாளில் ஒரு ஓரம் வெளுப்பாகவும் இன்னொரு ஓரம் அடர்த்தியாகவும், நனைந்த சாக்குப்பை மாதிரி அழகாக இருந்தது. நிழல் போடும் பயிற்சி அவருக்கு அன்றே முடிந்துவிட்டது. அவரிடம் அதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

படி 2: புள்ளி வையுங்கள்

வரைய வராது என்று சொல்லும் பெண்களிடம் நான் கேட்பது, "கோலம் போடுவீங்களா?" உடனே, "அது கோலம்தானே, அது வரும்" என்கிறார்கள். பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை என்று மனதில் கணக்கு வைத்து, குனிந்த நிலையில், இருட்டில், அழிக்கவே முடியாத மாவில், ஒரே இழையில் சிக்குக் கோலம் போடுகிறவர், தாளில் ஒரு கோடு போடப் பயப்படுகிறார்!

என் அம்மா போடுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு நழுவும். கை நகரும் வேகத்துக்கு ஏற்ப இழை தடிக்கும், மெலியும். எங்காவது இழை தப்பினால் அந்த இடத்தில் ஒரு பூ வைத்துவிட்டு மேலே போவார். அழிப்பதில்லை. எட்டு மணிக்குப் பால் வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மிதித்துவிடுவார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நாளைக்கு வேறு கோலம்.

ஆகவே இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம், தாளில் புள்ளி வைத்து வளைகோடு போடுங்கள். ஆண்களும்தான். ஐந்து நிமிடம் போதும். தப்பினால் பூ வையுங்கள்.

படி 3: தாளைப் பார்க்காமல் வரையுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

உங்கள் செருப்பில் ஒன்றை எடுத்து எதிரே வையுங்கள். செல்போனில் ஐந்து நிமிடத்துக்கு மணி வையுங்கள். பேனா முனையைத் தாளில் ஊன்றுங்கள். கண் செருப்பின் விளிம்பில் ஒரு இடத்தில் நிற்கட்டும். இனி ஒரு எறும்பு அந்த விளிம்பில் ஊர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு போகும் வேகத்தில் கண் போக வேண்டும், கண் போகும் வேகத்தில் பேனா போக வேண்டும். மணி அடிக்கும்வரை தாளைப் பார்க்கக் கூடாது, பேனாவைத் தூக்கவும் கூடாது. வார் மடிகிற இடத்தில் எறும்பும் மடியும். தையல் வந்தால் ஒவ்வொரு தையலாக ஏறி இறங்கும்.

முடித்துப் பார்த்தால் தாளில் இருப்பது செருப்பு மாதிரியே இருக்காது. வார் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் கிடக்கும். இருக்கட்டும். தாளைப் பார்க்காதவரை "நல்லா வருதா" என்று கேட்க உங்கள் மனதுக்கு வழியே இல்லை. பயம் உள்ளே நுழைவது அந்தக் கேள்வி வழியாகத்தான். இன்னொன்றும் கவனியுங்கள். மொத்தப் படம் கோணலாக இருந்தாலும் ஏதாவது ஒரு இடத்தில், வார் மடியும் அந்த அரை அங்குலத்தில், கோடு அப்படியே உயிரோடு இருக்கும். மனதிலிருந்து எடுத்துப் போட்டால் அந்தக் கோடு வராது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு வையுங்கள்.

துறைமுக அண்ணன் முதல்முறை இதைச் செய்தபோது மணி அடித்தும் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது குதிகால் வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும்மா. நான் சாஞ்சு நடக்கறேன் போல. ரெண்டு வருஷமா இதைத்தான் போட்டுட்டு இருக்கேன், இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். அவர் தாளில் குதிகால் கோடு கொஞ்சம் சரிந்துதான் இறங்கியிருந்தது.

ஒரு வாரம் இதையே செய்யுங்கள். அடுத்தடுத்து சாவிக்கொத்து, இஞ்சித் துண்டு, உங்கள் இடது கை.

படி 4: வெளியே போங்கள்

இப்போது அடுத்த பயம் வரும்: நாலு பேர் பார்ப்பார்களே!

அதற்கு நல்ல இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலை ஏலம் நடக்கும்போது அங்கே யாருக்கும் உங்களைப் பார்க்க நேரம் இல்லை. கூடை தூக்குபவர்களுக்கும் ஐஸ் வண்டிக்கும் வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். ஒரு ஆளுக்கு முப்பது நொடி. முகம், விரல், சட்டைப் பொத்தான் எதுவும் வேண்டாம். முதுகு எப்படி வளைகிறது என்று ஒரே கோடு, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று இன்னொரு கோடு. ஆள் நகர்ந்துவிட்டால் விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பெரியமேடு அருகே இருக்கும் நம்ம ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. பாறையின் கனம் அந்த நால்வரின் சாய்விலேயே தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்கும் முன்பே உங்கள் தோள் இறுகும்.

காசிமேட்டில் ஒரு சின்னப் பையன் என் பக்கத்தில் வந்து நின்று, "யக்கா, இன்னா வரையுற?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தாம் வகுப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க ஆயா" என்றான். நான் போட்டிருந்தது மூன்றே கோடு. குனிந்து நெத்திலியை அள்ளும் ஒரு முதுகு.

படி 5: இடைவெளியை வரையுங்கள்

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே போய் நில்லுங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில், ஆற்காடு பக்கம் இருக்கும் வாலாஜா ரோடு நிலையத்துக்கு, இங்கிருந்துதான் கிளம்பியது. முகப்பில் வரிசையாகத் தூண்கள். நீங்கள் தூணை வரைய வேண்டாம். இரண்டு தூணுக்கு நடுவே இருக்கும் இருட்டின் வடிவத்தை வரையுங்கள். தூண் எப்படி இருக்க வேண்டும் என்று மனது ஏற்கனவே ஒரு படம் வைத்திருக்கிறது, அதைக் கையில் திணிக்கும். இருட்டுக்கு அப்படி எந்தப் படமும் மனதில் கிடையாது. அதனால் கண் பார்த்ததையே கை போடும். நாலைந்து இருட்டு போட்டு முடித்ததும் தூண்கள் தாமாகவே நின்றிருக்கும்.

வீட்டில் என்றால் நாற்காலிக் கால்களுக்கு நடுவே உள்ள இடம் போதும். கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் இரண்டாகப் பிரிந்து தெரியும். நிழலை மட்டும் முதல் படியில் போட்ட கோடுகளால் நிரப்புங்கள்.

படி 6: நாற்பது தாள் சேரும்வரை காட்டாதீர்கள்

நாளுக்கு ஒரு தாள், பின்பக்கம் தேதி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டாம், குடும்பக் குழு வேண்டாம். "சூப்பர்" என்று வரும் பாராட்டுகூட இந்தக் கட்டத்தில் கெடுதல்தான், மறுநாள் அந்த "சூப்பர்" மறுபடி வருமா என்ற கவலையோடு உட்காருவீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். விட்டது விட்டதுதான்.

நாற்பதாவது நாள் எல்லாத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். எது நல்ல படம் என்று தேடாதீர்கள். வட்டம் போட்டு வைத்த இடங்களை மட்டும் பாருங்கள். செருப்பு வரைந்த வாரத்தில் ஒன்றிரண்டு இருந்தால், கடைசி வாரத்தில் நிச்சயம் கூடியிருக்கும். அடுத்து எதை வரையலாம் என்று அந்த வட்டங்களே சொல்லும். எனக்கு அவை பெரும்பாலும் கைகளில் விழுந்திருந்தன. துறைமுக அண்ணனுக்குக் கயிற்று முடிச்சுகளில்.

நான் என் நாற்பதைக் கூடத்தில் பரப்பியிருந்தபோது அம்மா காபியோடு வந்தார். தாள்களை மிதிக்காமல் சுற்றி நடந்து வந்து ஒன்றின் முன் நின்றார். கோல மாவு பிடித்திருக்கும் அவருடைய கை அது. கொஞ்ச நேரம் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மாவு இல்லாத விரல்களைச் சேர்த்துப் பிடித்து என் முன்னால் நீட்டினார்.

"கட்டை விரல் இன்னும் கொஞ்சம் மடங்கும். பாரு."

நான் பேனாவை எடுத்தேன்.