இட்டாஸ்கா பூங்காவில் ஜியோகேச் தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 87 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். கவுண்டிக்கு ஒரு ஜியோகேச்சாவது கண்டுபிடித்து, வரைபடம் முழுக்க வண்ணம் நிரப்ப வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. யாரோ மறைத்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். மிசிசிப்பி ஆறு பிறக்கும் இட்டாஸ்கா மாநிலப் பூங்கா இதற்கு அருமையான இடம். ஆனால் கணக்கு பிசகுவதும் அங்கேதான்.

"இட்டாஸ்கா கவுண்டி முடிந்தது" என்று குறித்துக்கொண்டு திரும்புவது பெரிய தவறு. ஆறு பிறக்கும் இட்டாஸ்கா ஏரி இட்டாஸ்கா கவுண்டியில் இல்லை! அந்தக் கவுண்டி கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அதன் தலைநகரம் கிராண்ட் ராப்பிட்ஸ். மிசிசிப்பி அந்த ஊர் வழியாகவும் ஓடுகிறது, ஆனால் பிறப்பது கிளியர்வாட்டர் கவுண்டியில்.

சரி, பூங்காவின் முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், அதுவும் காலை வாரும். முகவரியில் இருக்கும் பார்க் ராப்பிட்ஸ், ஹப்பர்ட் கவுண்டியின் தலைநகரம். பூங்காவோ சுமார் 32,000 ஏக்கர்; கிளியர்வாட்டர், ஹப்பர்ட், பெக்கர் என்று மூன்று கவுண்டிகளிலும் கால் வைத்திருக்கிறது. எந்த டப்பா யாருடைய கணக்கு என்பதை, கவுண்டி எல்லை போட்ட வரைபடத்தில் அதன் ஆயத்தொலைவுகளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது இன்னொரு குழப்பம் வரும். பூங்கா உருவானது 1891-இல். பெல்ட்ராமி கவுண்டியிலிருந்து கிளியர்வாட்டர் பிரிந்தது 1902-இல். அதனால் அந்தக் காலத்து எழுத்துகளில் கிளியர்வாட்டர் என்ற பெயரே இருக்காது.

அடுத்தது எண்களில் வரும் தவறு. ஜியோகேச்சுக்கான இணையப் பக்கத்தில் "வடக்கு 47° 14.400" என்று பாகையும் நிமிடமுமாகக் கொடுத்திருப்பார்கள். அதை 47.14400 என்று வேறொரு செயலியில் தட்டினால், பத்து கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே கொண்டுபோய் விட்டுவிடும். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: சரியான எண் 47.24. வடிவத்தை மாற்றிக் காட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண் சரியாக இருந்தாலும், உயர்ந்த பைன் மரங்களுக்கு அடியில் அம்புக்குறி பல மீட்டர் அலையும். கடைசிப் பத்து மீட்டரில் போனை பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறப்பதே மேல். விழுந்த மரத்தின் ஓரத்தில் சுள்ளிகள் ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா? காடு அப்படி அடுக்காது, கை வைத்துப் பாருங்கள். பாசியைப் பெயர்ப்பதும் பட்டையை உரிப்பதும் வீண் வேலை. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதியே. பூங்காவில் பூர்வகுடி மக்களின் பழைய ஈமமேடுகளும் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏறித் தேடுவது தவறு மட்டுமல்ல, அவமரியாதையும்கூட.

டப்பா கிடைத்ததும் அடுத்ததற்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நதிமூலத்துக்குப் பக்கத்தில் உள்ள மையத்துக்கு ஏன் மேரி கிப்ஸ் பெயர் என்றாவது கேட்டுவிட்டுப் போகலாம். 1903-இல் பூங்காவின் ஆணையராக இருந்து, மரம் வெட்டும் நிறுவனத்தை எதிர்த்து நின்ற இளம்பெண் அவர்.

சின்ன விஷயங்கள்: பேனா கொண்டுபோங்கள், சில டப்பாக்களில் காகிதம் மட்டும்தான் இருக்கும். உள்ளே தின்பண்டம் வைக்காதீர்கள். மோப்பம் பிடித்து விலங்குகள் டப்பாவையே கடித்துப்போடும். எண் பொறித்த பயணப் பொருள் கிடைத்தால் அது உங்களுக்கான பரிசு அல்ல, அடுத்த டப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது. புதிதாக ஒன்றை மறைத்து வைக்க ஆசையா? முதலில் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் உண்ணிகள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி இந்தக் காடுகளில் உண்டு. நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதோரம், பிள்ளைகளின் தலைமுடி என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.